பேப்பர் படிக்க முடிகிற கண்ணுக்கு லேசர் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. 16 வருடமாகச் சர்க்கரை நோய். விழித்திரை பாதித்திருக்கிறது, கையில் சாயம் ஏற்றிக் கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும், லேசரும் தேவைப்படலாம் என்கிறார் கண் டாக்டர். "நல்லாத்தானே பேப்பர் படிக்கிறேன், எனக்கு எதுக்கு லேசர்?" என்று அம்மா மறுக்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் ரத்தத்தில் 1.6 இருக்கிறது. சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா? சாயமே இல்லாத ஸ்கேன் இருக்கிறதாமே?

பதில்: அம்மா சொல்வது உண்மைதான். ஆனால் படிக்க உதவுவது விழித்திரையின் நடுவில் இருக்கும் மாகுலா என்ற சின்ன இடம். சர்க்கரை நோயில் ஓரங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைத்துப்போய்க்கொண்டிருந்தாலும், மாகுலா நன்றாக இருக்கும்வரை எழுத்து தெளிவாகவே தெரியும். ரத்தம் கிடைக்காத பகுதி சும்மா இருப்பதில்லை. புதுக் குழாய்களை வளரச் சொல்லும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. ஒருநாள் கசிந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும்; இல்லையென்றால் தழும்பாகி விழித்திரையையே இழுத்துப் பிரிக்கும். வலியே இருக்காது என்பதுதான் இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது.

லேசர் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சூடுகளை வைக்கிறது. அங்கே ஆக்சிஜன் தேவை குறைகிறது, அந்தப் புரதமும் குறைகிறது, புதுக் குழாய்கள் சுருங்குகின்றன. ஆபத்தான நிலையில் உள்ள கண்களில் கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1970களிலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். அதனால்தான் பார்வை நன்றாக இருக்கும்போதே செய்யச் சொல்கிறோம். பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் கொஞ்சம் குறையலாம். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சாயத்தைப் பற்றிய பயம் வேண்டாம். சி.டி. ஸ்கேனுக்கும் இதய ஆஞ்சியோகிராமுக்கும் ஏற்றுவது அயோடின் கலந்த மருந்து. கண்ணைப் படமெடுக்க ஏற்றும் சாயம் ஃப்ளூரசீன், வேறு பொருள். பொதுவாகச் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது என்பதால் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். தேவைப்பட்டால் அளவைக் குறைப்பார்கள். சிலருக்குக் குமட்டும், தோல் சில மணி நேரம் மஞ்சளாகும், சிறுநீர் ஓரிரு நாள் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஒவ்வாமை அபூர்வம்தான். ஆனால் முன்பு எதற்காவது ஒவ்வாமை வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சாயம் இல்லாத ஸ்கேன் இருக்கிறது, ஓசிடி ஆஞ்சியோகிராபி என்று பெயர். ஓடும் ரத்த அணுக்களின் அசைவை வைத்தே குழாய்களைப் படமாக்கும். மாகுலாவில் எங்கே ரத்தம் போகவில்லை என்று அழகாகக் காட்டும். ஆனால் குழாய் கசிவது அதில் தெரியாது, பல கருவிகளில் ஓரப் பகுதியும் முழுதாக வராது. அம்மாவுக்கு எது போதும் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

லேசருக்குப் பதில் கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு, நல்ல பலன் தருகிறது. ஆனால் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இடையில் நிறுத்திவிட்டவர்களின் கண் மோசமாகிவிடுவதைப் பார்க்கிறோம். வருவது சிரமம் என்றால் லேசர்தான் என் தேர்வு.

படம் எடுக்கும் அன்று கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போடுவார்கள், சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு நீங்கள் போங்கள். அதற்குள் கண்முன் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போய்விடுங்கள்.