நன்றாகப் பயிற்சி எடுத்த தொழில்முறை வீரர்கள்கூட ஏன் பிழை விடுகிறார்கள்?

ஏதோ ஒரு மெச்சைப் பார்த்து வயிறெரிந்துதான் இதைக் கேட்டிருப்பீர்கள். சம்பளம் வாங்குகிறான், நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கிறான், கைக்கு வந்த பந்தை விடுகிறானே என்று. 2017 சம்பியன்ஸ் கிண்ணக் கிரிக்கெட்டில் எங்கள் இலங்கை அணியின் மலிங்க போட்ட பந்தில் பாக்கிஸ்தானின் சர்ஃபராஸ் கொடுத்த லேசான பிடியைத் திசர பெரேரா விட்டபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) இதே பேச்சுத்தான். 7 விக்கெட் போயிருந்த பாக்கிஸ்தான் அன்றைக்குத் தப்பி, கடைசியில் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு போனது. கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் பயிற்சி பிழையைக் குறைக்கும், ஒழிக்காது. கூடைப்பந்தில் ஸ்டீபன் கரி ஃப்ரீ த்ரோ, அதாவது தனியாக நின்று கூடைக்குள் எறியும் பந்து, போடும்போது யாரும் மறிப்பதில்லை, அவசரமும் இல்லை, அப்படியிருந்தும் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று தவறுகிறது. அதில் உலகத்திலேயே கெட்டிக்காரர்களில் ஒருவர் அவர். கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை செக்கனுக்குள் மட்டைக்கு வந்துவிடும், கண் பார்த்து உடம்பு அசையவே அதில் பாதி போய்விடும், மிச்சத்தில் கணிப்புத்தான்.

என் தம்பி கொழும்பில் ஒரு கம்பனி அணிக்குச் சம்பளத்துக்கு வொலிபோல் ஆடுகிறான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவனைத் தோட்டத்துப் பொடியன்கள் கூப்பிட்டார்கள், இறங்கினான். கடைசி செட், 14க்கு 14, சர்வீஸ் இவனுக்கு. நான் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். தை மாதப் பின்னேரம், மூட்டம் இறங்கி, நனைந்த பந்து வழுக்குகிறது, அவன் உள்ளங்கையைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். தூக்கிப் போட்ட பந்து ஒரு சாண் பின்னால் போய்விட்டது. அவன் அதற்குள் எகிறிவிட்டான், எகிறிய பிறகு திருத்த முடியாது. பந்து நெட்டில் விழுந்தது, அடுத்த புள்ளியோடு மெச்சும் போனது.

அவன் பழகியது கொழும்புப் புழுக்கத்தில், கூரை போட்ட உள்ளரங்கில். தம்பிக்குச் சப்பைக்கட்டுக் கட்டுகிறேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். தோற்றதைத் தோல்வி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோற்பதற்குக் "காசு வாங்கிட்டான்" என்று பேசினார்களே, அதுவும் மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவின் காதுபட, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அதே மெச்சில் அவன் விழுந்து புரண்டு எடுத்த பந்துகளைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தம்பி ஆடிய அந்த கிரவுண்டில் பாதியை இப்போது வேலி போட்டு அடைத்து லொறி நிறுத்துகிறார்கள். மலையில் சமதரையாக ஒரு துண்டு நிலம் கிடைப்பதே பெரும்பாடு, எங்களுக்கு இருந்ததே அது ஒன்றுதான். பிள்ளைகள் இப்போது லயத்துக்கு முன்னால் போகிற ரோட்டில் கயிறு கட்டி ஆடுகிறார்கள், வாகனம் வந்தால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசியவர்களில் ஒருவராவது அந்த வேலியைப் பற்றித் தோட்ட ஒபிஸில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் இன்னும் பதில் இல்லை.