ஜப்பானில் முதன்முறை ராமென் (சூப்பில் வரும் நூடுல்ஸ்) கடைக்குப் போகிறேன். எப்படி ஆர்டர் செய்வது, எப்படி நடந்துகொள்வது?

முதலில் வாசலருகே பாருங்கள். பல கடைகளில் ஆர்டர் எடுக்க ஆள் வரமாட்டார், டிக்கெட் இயந்திரம்தான். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைக் கவுன்டரில் கொடுக்க வேண்டும். எழுத்து புரியாவிட்டால் இடது மேல் மூலைப் பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் அந்தக் கடையின் பிரதான ராமென் அதுதான். 1000 யென் தாள்கள் கையில் இருக்கட்டும்; பழைய இயந்திரங்கள் பல கார்டையோ 10,000 யென் தாளையோ ஏற்பதில்லை.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் மிகவும் கவனமாக இருங்கள். தொன்கொட்சு என்பது பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த சூப். மேலே உள்ள இறைச்சித் துண்டுகளை ஒதுக்கினால் போதாது; சோயா, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) ராமெனிலும் அடிச்சாறு பன்றி, கோழி அல்லது மீனாக இருக்கலாம். சைவ ராமென் என்றே விற்கும் கடையை முன்பே தேடி வைப்பது நல்லது.

ஃபுக்குவோகா நகரின் ஹகாட்டா வகை ராமென் கடைகளில் நூடுல்ஸ் எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். 'கத்தா' என்றால் விறைப்பு, 'ஃபுட்சூ' சாதாரணம், 'யவா' குழைவு. அங்கே 'கயேதமா' என்று கேட்டால் கூடுதல் நூடுல்ஸ் மட்டும் தருவார்கள், அதனால் சூப்பை முழுக்கக் குடித்துவிடாதீர்கள்.

சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நூடுல்ஸ் ஊறிக் கெட்டுவிடும். சமைத்தவருக்கும் அது வருத்தம். வெளியே ஆட்கள் வரிசையில் காத்திருந்தால், சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். டிப்ஸ் வேண்டாம். கிளம்பும்போது 'கொச்சிசோசமா' (சாப்பாட்டுக்கு நன்றி) சொல்லுங்கள், உள்ளிருந்து நன்றிக் குரல் வரும்.