3,500 ரூபாய் விண்டோஸ் கீ: வாங்கலாமா?

கேள்வி: பாகம் பாகமாக வாங்கி வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் பூட்டினோம். விண்டோஸ் 11 ப்ரோ அசல் விலை 199 டொலர் என்கிறார்கள். ஒன்லைனில் ஒருவர் 3,500 ரூபாய்க்கு கீ (விண்டோஸில் அடிக்கும் 25 எழுத்துக் குறியீடு) தருகிறாராம், 'லைஃப்டைம்' என்றும் சொல்கிறார். நம்பலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: கீ வேலை செய்யும். பெரும்பாலும் அன்றைக்கே 'அக்டிவேட்' ஆகிவிடும். சிக்கலே அதுதான். அக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. மைக்ரோசொப்ட் சேவர் பார்ப்பது அந்த 25 எழுத்துக் கீயில் இன்னொரு கொம்பியூட்டருக்கு இடம் இருக்கிறதா என்பதை மட்டுமே. அதை விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை.

இப்படியான கீகள் வரும் வழிகள் சில. பெரிய கொம்பனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்த கீ ஒன்றைப் பத்துப் பேருக்குப் பிரித்து விற்பார்கள். மென்பொருள் எழுதுவோருக்குப் பரிசோதனைக்காகக் கொடுத்த கீயாகவும் இருக்கலாம். கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டரின் கீயாகவோ, களவெடுத்த கார்டில் வாங்கியதாகவோ இருக்கலாம். கணக்கு மீறியது தெரிந்ததும் கீ முடக்கப்படும். ஹார்ட் டிஸ்க் மாற்றி விண்டோஸைத் திரும்பப் போடும் நாளில், சி004சி003 என்று முடியும் பிழை எண் திரையில் நிற்கும். விற்றவரின் வட்ஸ்அப் எண் அப்போது இருக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஓர் அடையாளம் சொல்கிறோம். கீயை அடித்ததும் திரையில் வரும் நீண்ட எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, பதிலுக்கு இன்னொரு நீண்ட எண் அனுப்புகிறாரா? அது தொலைபேசி வழி அக்டிவேஷன். சாதாரண சில்லறைக் கீக்கு விற்பவர் இடையில் நின்று இதைச் செய்யத் தேவையே இல்லை. கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில், உங்களுக்கு ப்ரோ வேண்டுமா என்று யோசியுங்கள். வெளியிலிருந்து இந்தக் கொம்பியூட்டருக்குள் ரிமோட் டெஸ்க்டொப்பில் நுழைவது, அலுவலகத்தின் டொமைன் என்ற வலையமைப்பில் சேர்ப்பது போன்ற தேவை இல்லையென்றால் ஹோம் பதிப்பு போதும். அதன் சில்லறை விலை 139 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 41,700. அதற்குக் கீழே கடைகளில் இருப்பது, கொம்பியூட்டர் பூட்டுவோருக்கான ஓ.ஈ.எம். பொதி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கொம்பியூட்டர் கடை ஏறி இறங்கி, சீல் உடையாத பொதிக்கு விலை கேளுங்கள். ஸ்டிக்கரை மட்டும் தனியாக நீட்டினால் வாங்காதீர்கள். இந்த வகை உரிமம் முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுண்டது. மின்னல் அடித்து போர்ட் எரிந்தால் உரிமமும் அதோடு போய்விடும். சில்லறை உரிமத்தை வேறு கொம்பியூட்டருக்கு மாற்றலாம்.

கையில் இப்போது காசு இல்லையென்றால், இன்ஸ்டோல் செய்யும்போது 'கீ இல்லை' என்பதைத் தெரிவு செய்யலாம். மூலையில் நீர்க்குறி வரும், பின்னணிப் படத்தை செட்டிங்ஸில் மாற்ற முடியாது. பாதுகாப்பு அப்டேட்கள் வரும். அது உரிமம் ஆகாதுதான். ஆனால் 3,500 கொடுத்தாலும் உங்களிடம் உரிமம் இருக்கப் போவதில்லையே.

கேள்வி: பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் போட்டுத்தர 2,500 மேலதிகமாக வாங்கினார்கள். அது அசலா என்று எப்படிப் பார்ப்பது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போங்கள். 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்றிருந்தால் ஓரளவு நல்லது. 'உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்தால், நீங்கள் எந்த நிறுவனம் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

இன்னும் உறுதியாகப் பார்க்க, விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று அடியுங்கள் (slmgr /dli). சில விநாடியில் ஒரு சிறு சாளரம் திறக்கும். அதில் 'ரீட்டெயில்' (சில்லறை) அல்லது 'ஓ.ஈ.எம்.' என்றிருக்க வேண்டும். 'வொல்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட்' (நிறுவனங்களுக்கான மொத்த உரிம வகை) என்றும், கீயின் கடைசி ஐந்து எழுத்து டி83ஜிஎக்ஸ் (T83GX) என்றும் இருந்தால், அது மைக்ரோசொப்ட் எல்லோருக்கும் வெளியிட்டிருக்கும் பொதுக் கீ. நிறுவனத்தின் சேவரோடு சேர்ந்தால்தான் அது செல்லும், அதுவும் ஒரு தடவைக்கு 180 நாள். உங்கள் வீட்டில் அந்தச் சேவர் இல்லை. ஆகவே போலிச் சேவராக நடிக்கும் ஒரு சிறு புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லிப் போடப்படுவது அதுதான். அந்த லெப்டொப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற லெப்டொப்களின் கீ மதர்போர்ட் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி (அதிலுள்ளது எல்லாம் அழியும்), டிஸ்க்கை முழுதாக அழித்து இன்ஸ்டோல் செய்யுங்கள். ஹோமா ப்ரோவா என்பதை அது தானே எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் ஹோம் லெப்டொப்பில் ப்ரோ போட்டிருந்தால், அசல் உரிமம் சும்மா கிடக்கும். கீ இல்லாத ஆளாக நீங்கள் நிற்பது அதனால்தான்.

கவனிக்க: விண்டோஸ் 7, 8 கீகளைக் கொண்டு விண்டோஸ் 11ஐப் புதிதாக அக்டிவேட் செய்யும் வழி 2023 செப்டெம்பரில் மூடப்பட்டது. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. லெப்டொப் வாங்கும் முன்பே, விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கேள்வி: வாங்கிய கீ முடங்கிவிட்டது. கடையில் 'கேரண்டி இல்லை' என்கிறார்கள். (தெஹிவளை வாசகர்)

பதில்: பிழைத் திரையைப் படம் பிடியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை 1977 என்ற எண்ணில் அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. 'சொப்ட்வெயார்' என்று மட்டும் எழுதிய சீட்டு பிறகு அதிகம் உதவாது. எந்தப் பதிப்பு, எந்த வகை உரிமம், கீயின் கடைசி ஐந்து எழுத்து ஆகியவற்றைக் காசு கொடுக்கும் முன்பே அதில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.