நார்னியாவில் கோட்டை ஏன் இடிந்து கிடக்கிறது?

நார்னியா என்ற மாய உலகத்தின் கதையைச் சொல்லும் படங்களில், இரண்டாவதில் கோட்டை ஏன் இடிந்து கிடக்கிறது என்று உங்கள் மகள் கேட்டதாகவும், இடையில் ஏதாவது படத்தைத் தவறவிட்டீர்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் இடையில் எந்தப் படத்தையும் தவறவிடவில்லை. 2005இல் வந்த முதல் நார்னியா படத்துக்கு அடுத்தது 2008இல் வந்த ‘பிரின்ஸ் காஸ்பியன்’தான். உங்கள் மகள் கேட்ட அந்தக் கோட்டை இடிபாடாகக் கிடப்பதற்குக் காரணம், இங்கிலாந்தில் ஓராண்டு கழிவதற்குள் நார்னியாவில் 1300 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதே.

முதல் படத்தின் முடிவில், நார்னியாவில் வளர்ந்து அரசாண்ட லூசி, எட்மண்ட் உள்ளிட்ட நான்கு உடன்பிறப்புகள் மாய அலமாரி வழியாக இங்கிலாந்துக்குத் திரும்பும்போது இங்கே நேரமே கழிந்திராததைப் பார்த்துவிட்டு, அவர்கள் இங்கிலாந்தில் இருக்கையில் நார்னியாவும் அப்படியே காத்து நிற்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

இடிபாடுகளுக்கிடையே தங்கச் சதுரங்கக் காய் ஒன்று கிடைக்கும் காட்சியை மகளுடன் மறுபடி பாருங்கள். அது தாங்கள் வாழ்ந்த கேர் பாரவெல் கோட்டைதான் என்று அவர்கள் உணரும் அந்த இடம், எந்த விளக்கத்தையும் விட நன்றாகப் புரியவைக்கும். மூன்று படங்களிலும் என் மனத்தில் ஆழமாகத் தங்கிய காட்சியும் அதுவே.

ஆனால் ஓராண்டுக்கு 1300 ஆண்டுகள் என்பதை நிலையான விகிதமாகக் கொண்டு கணக்குப் போட வேண்டாம்: 2010இல் வந்த மூன்றாம் படத்தில் லூசியும் எட்மண்டும் திரும்பிப் போகும்போது, அங்கே மூன்று ஆண்டுகளே கழிந்திருக்கின்றன.