ஆவி பறக்கச் சூடாக்கியும் வாந்தி ஏன்?

கேள்வி: மதியம் வடித்த சோறு மிச்சமாகி, மூடிய பாத்திரத்தில் அடுப்பு மேடையிலேயே இருந்தது. இரவு முட்டை போட்டு, ஆவி பறக்க வறுத்துச் சாப்பிட்டோம். இரண்டே மணி நேரத்தில் மூன்று பேருக்கும் வாந்தி. முட்டைதான் காரணமா? இவ்வளவு சூட்டிலும் கிருமி சாகாதா?

பதில்: முட்டையைத் திட்டாதீர்கள். முட்டையில் வரும் சால்மோனெல்லா கிருமி வேலையைக் காட்டப் பொதுவாக ஆறு மணி நேரமாவது ஆகும். என் சந்தேகம் சோற்றின் மேல்தான்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியோடு வருவது சகஜம். அதன் வித்து, அதாவது தூங்கிக் கிடக்கும் வடிவம், கெட்டியான ஓடு போட்டது; 100 டிகிரியில் கொதித்தாலும் பிழைத்துக்கொள்ளும். சொல்லப்போனால் அந்தச் சூடுதான் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளும் உலையில் செத்திருக்கும். சோறு ஆறி 30, 40 டிகிரிக்கு வந்ததும் அதற்குக் கொண்டாட்டம்: பெருகி, செரியுலைட் என்ற நஞ்சை விடுகிறது.

இரவு வறுத்தபோது பாக்டீரியா செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருந்திருக்கும். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவதுபோல் பல நஞ்சுகள் குலைந்துவிடும். செரியுலைட் அப்படியல்ல, வளைய வடிவிலான சின்ன மூலக்கூறு. சூடு குலைக்க அதில் பெரிதாக எதுவும் இல்லை. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் தாங்கும், குக்கரும் உதவாது. அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது அதன் வழக்கம். உங்கள் கதையோடு பொருந்துகிறது. வாசனையில் பெரும்பாலும் தெரியாது.

கறிக்குழம்பில் கதை வேறு. அதில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்தும் கொதிநிலையைத் தாங்கும், அந்தப் பாக்டீரியா 45 டிகிரி வாக்கில் பத்தே நிமிடத்தில் இரட்டிப்பாகும். ஆனால் அது நம் குடலுக்குள் போன பிறகுதான் நஞ்சு விடுகிறது. அதனால் மறுபடி தளதளவென்று கொதிக்கவைத்தால் பலன் உண்டு.

சரி, சோற்றுக்கு என்ன வழி? இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் ஒரு மணிக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள். பாத்திரத்தோடு தூக்கி வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு வையுங்கள்.

இந்த வாந்தி பெரும்பாலும் ஒரு நாளில் நின்றுவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் மஞ்சளானாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்புறம், அந்தச் சோறு இன்னும் மிச்சம் இருந்தால் இப்போதே கொட்டிவிடுங்கள்.