கடையில் வாங்கும் கிரீக் யோகர்ட் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிரீக் யோகர்ட் என்பது நீரை வடித்துக் கெட்டியாக்கிய தயிர். முதலில் டப்பாவின் பின்பக்கம் உள்ள பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். பாலும் உறையும் மட்டும் இருந்தால் அது வடிகட்டிய தயிர். ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின் இருந்தால் கெட்டித்தன்மையில் ஒரு பங்கு அவற்றின் வேலை. ‘கிரீக் ஸ்டைல்’ என்ற பெயரில் வருபவற்றில் இது சகஜம். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்குப் புரதம் 3–4 கிராம்தான். நன்றாக வடித்ததில் 8–10 கிராம் இருக்கும். 5 கிராம் என்றால் அந்தப் பெயருக்குக் கொடுக்கும் விலை வீண்.

ருசி பார்க்க இனிப்போ பழமோ சேராததை வாங்குங்கள். சர்க்கரை எல்லாக் குறையையும் மறைத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள், சில்லென்றிருந்தால் நாக்குக்கு ருசி சரியாகத் தெரியாது. ஒரு ஸ்பூன் எடுத்தால் குழி அப்படியே நிற்க வேண்டும். ஜெல்லி போல வழுக்கி உடைந்தால் ஜெலட்டின் சேர்த்திருக்கலாம். நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்துங்கள்: மாவு மாதிரி ஒட்டினால் பெரும்பாலும் பால்பவுடரோ புரதப் பவுடரோ அதிகம், மணல்மணலாக இருந்தால் புளிப்பு ஏறிப் புரதம் திரண்டிருக்கலாம். விழுங்கிய பின் கசப்பு நின்றால் பழசாகியிருக்கலாம்.

மேலே கொஞ்சம் நீர் நிற்பது குறையல்ல, கலக்கிவிட்டால் போதும். கொழுப்பு நீக்கியதில் புளிப்பு தூக்கலாகத்தான் தெரியும்; அதை முழுக்கொழுப்போடு ஒப்பிடாதீர்கள்.