பெரியப்பாவின் ஸ்கேனும் உங்கள் மகளின் கேள்வியும்

அன்புள்ள அம்மா,

"நல்ல மார்க் எடுத்தும் டாக்டருக்குப் படிக்க மாட்டேன் என்கிறாள். ஸ்கேன் மிஷினைப் பற்றிப் படிக்கணுமாம், ரசாயனத்தால் தொழிலாளிகளுக்கு என்ன ஆகிறதென்று ஆராய்ச்சி பண்ணணுமாம். சித்தப்பா வீட்டில் கேலி செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளுக்குக் கவலை வருவது இயல்புதான். ஆறுதல் அவ்வளவுதான், இனி உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள். முப்பது வருஷம் வெல்டிங் பார்த்த பெரியப்பாவுக்கு நடை குலைந்தது, ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு மகள் கேட்டாளாம்: "பேரு இருக்கு, வயசு இருக்கு, என்ன வேலை பார்த்தார்னு ஏன் எங்கேயுமே இல்ல?" 1700-இல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி தொழில்நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்க்கச் சொன்னார். பள்ளிக்கூடம் முடிக்கும் பெண் யாரும் சொல்லித் தராமலே அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அவளைக் கையைப் பிடித்து வேறு வரிசையில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

அவள் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வெல்டிங் புகையில் மாங்கனீஸ் உண்டு. மூச்சோடு வருஷக்கணக்கில் உள்ளே போனால் மூளையின் அடியில் குளோபஸ் பாலிடஸ் என்ற சின்னப் பகுதியில் அது சேரும். முகம் இறுகும், பேச்சு தாழும், நடை சேவல் நடையாகும். பிளீச்சிங் பவுடர் ஆலைக்காக மாங்கனீஸ் கல்லை அரைத்தவர்களுக்கு இப்படி ஆவதை 1837-லேயே கூப்பர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். மாங்கனீஸுக்குக் காந்தத் தன்மை இருப்பதால், எம்.ஆர்.ஐ.யில் டி1 வகைப் படம் எடுத்தால் அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடும். ஆனால் வேலையை விட்டு ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனால் அந்த வெண்மை பெரும்பாலும் மங்கிவிடும். நடை மட்டும் சரியாகாமலே போகலாம். வேலையை விட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்காமல் எழுதிய 'நார்மல்' எதையும் நிரூபிக்காது. பளிச்சென்று தெரிந்தாலும் அவசரப்பட முடியாது, நாள்பட்ட கல்லீரல் நோயிலும் அதே வெளிச்சம் வரும். கார்பன் மோனாக்சைடு விஷமும் இதே பகுதியைத்தான் அரிக்கும், மெத்தனால் அதற்கு அடுத்த வீடான புட்டமனைத் தாக்கும். (பெரியப்பாவுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. தொழில்நோய் பார்க்கும் மருத்துவரிடம் வேலை விவரத்தையும் தேதிகளையும் எழுதி எடுத்துப் போங்கள்.)

'ஸ்கேன் எடுக்கிற வேலை' என்று சித்தப்பா சொல்கிறாரே, அதையும் பார்ப்போம். பாப்கார்னுக்கு வெண்ணெய் மணம் ஊட்டும் டைஅசிட்டைல் என்ற ரசாயனத்தின் ஆவி, ஆலைத் தொழிலாளிகளின் நுரையீரலில் சிறு காற்றுக்குழாய்களைத் தழும்பாக்கி அடைத்தது. சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். சி.டி.யில் 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று மட்டும் சொல்லி எடுத்தாலும் தப்பிவிடலாம். 'முழுசா வெளியே விட்டுட்டு அப்படியே நில்லுங்க' என்று இன்னொரு படம் எடுத்தால்தான், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரியும். நோய் பிடிபடுவதும் தப்புவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதைச் சொல்வது யார் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் இன்னும் சுவாரசியம். ரத்தத்தில் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். காட்மியம்-109 என்ற கதிர்மூலத்தை முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்புக்கு நேரே வைத்து, எலும்பிலுள்ள ஈயம் திருப்பி உமிழும் எக்ஸ் கதிரை எண்ணி, ஒருவர் ஆயுளில் எவ்வளவு ஈயம் வாங்கியிருக்கிறார் என்று கணிக்கிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. இதைக் கட்டியவர்களில் இயற்பியல் படித்தவர்களே அதிகம். 'வெள்ளையாகத் தெரிகிறது' என்பதை எண்ணாக்குவது, இரண்டு மிஷினில் எடுத்த படங்களை ஒப்பிட வழி செய்வது, சிறுநீரில் கிடைத்த நச்சின் அளவோடு படத்தைப் பொருத்துவது எல்லாம் இந்தத் துறையின் அன்றாட வேலை. ஸ்டெதஸ்கோப் தேவைப்படாது, கணக்கு தேவைப்படும். உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டர், இன்ஜினியர் வழிகளைப் பற்றி ஊரே பேசுகிறது, நான் பேசப் போவதில்லை. பிடிக்காத படிப்பைப் பிடித்ததாக்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவளுக்கு நான் சொல்வது இது: முதல் பட்டம் அகலமாக இருக்கட்டும், இயற்பியல். இரண்டாவதாக மருத்துவ இயற்பியல். நச்சியலும் தொழில் சுகாதாரமும் அதற்குப் பிறகு. 'நச்சுப் படிமவியல்' (உடலில் நச்சு செய்வதை ஸ்கேனில் பார்ப்பது) என்று கவர்ச்சியான பெயரில் முதல் பட்டத்தை யாராவது விற்றால் வாங்காதீர்கள், அவ்வளவு சின்னக் கதவுக்குள் அவ்வளவு சீக்கிரம் போகக்கூடாது.

கதிர்வீச்சு பயம் என்றீர்கள். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் அயனியாக்கும் கதிரே கிடையாது. எக்ஸ்ரே பக்கம் வேலை செய்பவர்கள் சட்டையில் அளவுமானி அணிவார்கள். அவர்கள் வாங்கும் கதிர், ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 50-ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. 'இனி கம்ப்யூட்டரே படம் பார்த்துவிடும்' என்கிற உறவினருக்கு: கற்றுக்கொள்ள லட்சம் படம் இருக்கிற நோயில் அது பார்க்கும். அபூர்வமான நச்சுக்கு அவ்வளவு படம் எங்கே இருக்கிறது? யாராவது முதலில் சேகரித்து, பக்கத்தில் தொழிலையும் எழுதிவைக்க வேண்டும்.

பணத்தில் மட்டும் என் பேச்சு கறாராக இருக்கும். வீட்டை அடமானம் வைக்காதீர்கள், எந்தப் படிப்புக்கும். நான் புகழ்ந்த இந்தப் படிப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை தராமல் கைக்காசு போடச் சொன்னால், அந்த இடம் வேண்டாம். அவள் டாக்டராக வேண்டும் என்பதற்காக நீங்கள் வாங்கும் கடனை, அவள்தான் பிடிக்காத வேலையில் பத்து வருஷம் உட்கார்ந்து அடைப்பாள். இதில் சித்தப்பாவின் பங்கு எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக மாறும்.

அடுத்த முறை வரும்போது மகளை மட்டும் அனுப்புங்கள். பெரியப்பா எந்த வருஷம் எந்தப் பட்டறையில் என்ன உலோகத்தைப் பற்றவைத்தார், புகை வெளியேற வழி இருந்ததா, எப்போது வேலையை விட்டார் என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.